இழை அறுந்தால் காட்டும் சைகை

என் மகள் முதன்முதலில் சொன்ன வார்த்தை "இழை அறுந்துவிட்டது" என்பது. அப்போது அவளுக்குப் பத்து மாதம். கீழே இரண்டு பல் மட்டும் முளைத்திருந்தது. வாயால் சொல்லவில்லை, கையால் சொன்னாள். இதை வெளியில் சொன்னால் பெற்றவன் பெருமையடிக்கிறான் என்பார்கள். பெருமையடிக்க எனக்கு இதில் ஒன்றுமில்லை. அவள் சொன்னதை வீட்டில் கடைசியாகப் புரிந்துகொண்டவன் நான்தான்.

நான் காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலை நெய்கிறவன். என் மனைவியும் நெய்கிறவள். எங்கள் கூடத்தில் இரண்டு தறி. ஒன்றில் நாங்கள் இருவரும், இன்னொன்றில் என் தம்பியும் அவன் மனைவியும். நாங்கள் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் ஒவ்வொரு இழையிலும் கோர்த்துக்கொண்டே போக வேண்டும். அதற்குக் குறுக்கிழையைக் கொண்டு ஓடும் நாடா மூன்று ஓட வேண்டும், ஒருவருக்கு இரண்டு கைதான். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு நாடாவைப் பார்த்துக்கொள்வேன். என் வலப்பக்கம் உட்கார்ந்து மூன்றாவதை அவள் தள்ளுவாள். ஒருவர் எழுந்தால் தறி நின்றுவிடும். தண்ணீர் குடிக்கப் போனாலும் சேர்ந்துதான் போக வேண்டும்.

பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் பேச முடியாது. இரண்டு தறியும் ஓடும் சத்தம், சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தறி, இதற்கெல்லாம் மேலே என் தம்பியின் ப்ளூடூத் ஸ்பீக்கர். அந்த ஸ்பீக்கரைத் தறிக்குழிக்குள் போட்டு மிதிக்க வேண்டும் என்று எனக்கு எத்தனையோ முறை தோன்றியிருக்கிறது. கல்யாணமான புதிதில் நானும் என் மனைவியும் கத்திக் கத்திப் பேசித் தொண்டை கட்டிப்போனது. பிறகு பேச்சை விட்டுவிட்டோம். யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை, தானாகக் கைக்கு வந்தது. உள்ளங்கையைத் தூக்கினால் நிறுத்து. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில் இழை அறுந்தால் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துத் திரித்துக் காட்டுவேன். அறுந்த நுனிகளை அப்படித்தான் திரித்துச் சேர்ப்போம். அவள் எட்டிப் பார்த்து, அறுந்த இழையைத் தேடிப் பிடித்துச் சேர்த்துவிட்டு, நெய்த சேலையைச் சுற்றும் படிமரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவாள். சரியாகிவிட்டது, ஓட்டலாம் என்று அர்த்தம். அந்த மரம் என் வயிற்றை ஒட்டி இருப்பதால் தட்டியது எனக்குக் காதில் விழாது, வயிற்றில் தெரியும். எட்டு வருடமாக நாங்கள் பகலில் பேசிக்கொண்டது பெரும்பாலும் இந்த மூன்றுதான். சண்டை வராமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த வீட்டில்தான் மகள் பிறந்தாள். என்னைப் பெற்றவள் உயிரோடு இல்லை, என் மனைவியைப் பெற்றவளும் இல்லை. தம்பி மனைவிக்கு அவள் தறியே சரியாக இருந்தது. ஆக, குழந்தையும் எங்களோடு தறிக்கு வந்தது. ஆறு மாதம் வரை விட்டத்தில் கட்டிய ஏணையில் கிடந்தாள். அங்கேதான் முதல் தொல்லை தொடங்கியது. குழந்தை முனகினால் எங்களுக்குக் கேட்காது. சிணுங்கினால் கேட்காது. முகம் சிவந்து, மூச்சு அடைக்கிற மாதிரி வீறிட்டால்தான் கேட்கும். ஒரு நாள் ஏணையிலிருந்து சொட்டுச் சொட்டாக ஈரம் விழுவதைப் பார்த்துத்தான் எழுந்து போனோம். எவ்வளவு நேரமாக அழுதுகொண்டிருந்தாளோ தெரியவில்லை, குரலே போயிருந்தது. என் மனைவி அவளை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

அந்த வாரத்திலேயே போனில் எதையோ தேடிப் பிடித்தாள். பேச்சு வராத குழந்தைகளுக்குச் சைகை சொல்லிக்கொடுக்கும் வீடியோக்கள். எந்த ஊர்க்காரியோ ஒருத்தி, பின்னால் பொம்மைகளை அடுக்கி வைத்துக்கொண்டு, சிரித்த முகமாகக் கையை ஆட்டுகிறாள். விரல்களை மடக்கி மடக்கி விரித்தால் பால். விரல் நுனிகளைக் குவித்து ஒன்றோடொன்று தட்டினால் இன்னும் வேண்டும். கைகளைத் திருப்பிக் காட்டினால் போதும். குழந்தைக்கு வாய் பழகுவதற்கு முன்பே கை பழகிவிடுமாம். கையால் கேட்கத் தெரிந்தால் அழ வேண்டியதில்லையாம். பால் கொடுக்கும்போதெல்லாம் என் மனைவி அந்தச் சைகையைக் காட்டினாள். தண்ணீர், விளக்கு, பூனை எல்லாவற்றுக்கும் ஒன்று வைத்திருந்தாள்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் வருகிற சுபாவம். கோபம் வராத நேரத்தில் கிண்டல் வரும். பேசத் தெரிந்த நாமே பேசிக்கொள்வதில்லை, பேச்சு வராததோடு என்ன பேச்சு என்றேன். வகுப்பு எத்தனை மணிக்கு, பரீட்சை உண்டா என்றேன். தம்பி சேர்ந்து சிரித்தான். எதிர்வீட்டு அத்தை ஒருத்தி வந்து, கையைக் காட்டிப் பழக்கினால் குழந்தை பிறகு வாயையே திறக்காது என்று பயமுறுத்திவிட்டுப் போனாள். அந்தக் குழந்தைக்கு இப்போது நான்கு வயது. காலையில் திறக்கும் வாயைத் தூங்கும்போதுதான் மூடுகிறாள். எதிர்வீட்டு அத்தையே கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஆனால் அன்று எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பயம்தான். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் போனது. குழந்தை கையைப் பார்த்தாள், சிரித்தாள், கையைப் பிடித்து வாயில் வைத்தாள். ஒரு சைகையும் திருப்பிச் செய்யவில்லை. என் மனைவி சளைக்கவில்லை. நான்தான் சளைத்துப்போய்க் கிண்டலை நிறுத்தினேன்.

ஒன்பதாம் மாதம் தவழ ஆரம்பித்தாள். தறியில் உட்கார்ந்து காலால் மிதிப்பதற்குக் கீழே குழி இருக்கும். தவழும் குழந்தைக்கு அதைவிட ஆபத்து வேறில்லை. பழைய நூல்சேலை ஒன்றைக் கிழித்து ஒரு முனையை அவள் இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கூடத்துத் தூணில் கட்டினோம். எங்கள் வலப்பக்கம், தறியை அவள் எட்டிப் பிடிக்க முடியாத தூரம். முகம் எங்களைப் பார்த்திருக்கும். கையில் ஒரு டம்ளரைக் கொடுத்துவிட்டால் பாதி நேரம் அதைத் தரையில் தட்டுவாள், பாதி நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாங்கள் அவளைப் பார்த்ததைவிட அவள் எங்களைப் பார்த்த நேரம் அதிகம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். தற்செயலாகத் திரும்பினேன். குழந்தை என்னையே பார்த்துக்கொண்டு வலது கையைத் தூக்கி, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துத் திரித்தாள். அரைகுறையாக இல்லை, நான் செய்வது போலவே, மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு. நான் என்ன செய்திருக்க வேண்டும்? தூக்கிக் கொஞ்சியிருக்க வேண்டும். வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். நான் உள்ளங்கையைத் தூக்கித் தறியை நிறுத்தினேன். குனிந்து பாவில் அறுந்த இழையைத் தேடினேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரலால் தடவித் தேடினேன். பத்து மாதக் குழந்தை சொன்னதை வேத வாக்காக எடுத்துக்கொண்டு இழையைத் தேடுகிற முட்டாள் எங்கள் தெருவில்தான் கிடைப்பான்.

இழை ஒன்றும் அறுந்திருக்கவில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், எழுந்து போய்க் குழந்தையின் அடியில் கையை வைத்துப் பார்த்தாள். ஈரம். துணியை மாற்றினாள். குழந்தை டம்ளரை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள். எல்லாம் சரி.

அன்று மாலைக்குள் என் மனைவிக்கு விஷயம் விளங்கிவிட்டது. எனக்குச் சொல்லிப் புரியவைக்க இரண்டு நாள் ஆனது. வீடியோவில் வந்த பால், பூனை, விளக்கு எதையும் குழந்தை எடுத்துக்கொள்ளவில்லை. தினம் தூணடியில் உட்கார்ந்து அவள் பார்த்தது ஒன்றைத்தான். அப்பா விரலைத் திரிப்பார், உடனே அந்தப் பெரிய சத்தம் நிற்கும், அம்மா எட்டிப் பார்ப்பாள், எதுவோ சரியாகும். அவள் கண்ட வரைக்கும் இந்த வீட்டில் ஒரு குறையைச் சொல்லித் தீர்த்துக்கொள்ள அதுதான் வழி. அவளும் சொல்ல ஆரம்பித்தாள்.

அதன் பிறகு எதற்கும் அதுதான். பால் நேரம் தப்பினால் விரலைத் திரிப்பாள். டம்ளர் உருண்டு தறிக்கடியில் போனால் திரிப்பாள். ஜன்னலில் வந்து உட்கார்ந்த பூனை எழுந்து போய்விட்டால் அதற்கும் திரிப்பாள். கரண்டு போய் மின்விசிறி நின்றபோது மேலே பார்த்துத் திரித்தாள். என் மனைவி ஒவ்வொரு முறையும் எழுந்து போய் என்னவென்று பார்த்துச் சரிசெய்துவிட்டு வந்து, படிமரத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உட்காருவாள். குழந்தை அதையும் பார்ப்பாள். ஆனால் தட்டுவதை மட்டும் அவள் ஒரு நாளும் செய்ததில்லை. அது அம்மாவின் வேலை என்று விட்டுவிட்டாள் போல. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் குழந்தை அழுத சத்தமே கிடையாது.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கில்லாமல் கூப்பிட்டால் தறி எப்படி ஓடும்? அப்போது தறியில் இருந்த பாவில் மூன்று சேலை. இரண்டு முடிந்து மூன்றாவது தொடங்கியிருந்தோம். கரையை ஒட்டிக் கோபுரம் கோபுரமாகப் பல் வைத்து ஏறி இறங்கும் வேலை. எங்கள் பேச்சில் ரேக்கு என்போம். எத்தனையாவது இழையில் ஏறுகிறோம் என்பது மனதில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் மட்டும் ஏழெட்டு முறை எழுந்துவிட்டாள் என் மனைவி. கடைசி முறை அவள் வந்து உட்கார்ந்து தட்டியபோது எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. விட்டுப்போனது தெரியாமலேயே ஓட்டினேன். நான்கு விரற்கடை நெய்த பிறகுதான் கண்ணில் பட்டது. ஒரு கோபுரம் நொண்டியாக நின்றது.

நெய்ததைப் பிரிப்பது இருக்கிறதே, நெய்வதைப் போல மூன்று மடங்கு வேலை. ஒரு பகல் முழுக்க ஒவ்வொரு இழையாக உருவினோம். பாதியில் குழந்தை மறுபடி விரலைத் திரித்தாள். நான் அவளைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டேன். தம்பி ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இருந்தது அது. குழந்தை அழவில்லை. கையைத் தூக்கியபடியே என்னைப் பார்த்தாள்.

அன்று சாப்பிடும்போது என் முடிவைச் சொன்னேன். என் மனைவியின் அக்கா கூரத்தில் இருக்கிறாள். நல்ல மனசுக்காரி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயது, பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பாள். இந்தச் சேலை முடியும் வரை குழந்தையை அங்கே விடலாம், இருபது நாள்தான், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் என்றேன். குழியையும் சொன்னேன், ஏதோ அதற்காகத்தான் அனுப்புகிற மாதிரி. என் மனைவி சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்:

"நீங்க கைய காட்டனா நான் நிறுத்தறேன் இல்ல? அது காட்டனா மட்டும் ஏன் நிறுத்தக் கூடாது?"

பதில் இல்லாத கேள்வி என்றால் எனக்குக் கோபம்தான் வரும். நான் காட்டுவது வேலைக்கு, அது காட்டுவது விளையாட்டுக்கு என்றேன். அதற்கு மேல் அவள் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

கூரத்தில் கொண்டுபோய் விட்ட அன்று, என் மனைவி தன் அக்காவுக்குச் சைகையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். விரலைத் திரித்தால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம், உடனே போய்ப் பார் என்றாள். பெரியம்மாக்காரி சிரித்துக்கொண்டே சரி சரி என்றாள். அடுப்பில் பால் பொங்கியது, கொல்லையில் மாடு கத்தியது, அவளும் எத்தனைதான் கேட்பாள்? குழந்தை தூங்கியதும் கிளம்பினோம். வரும் வழியெல்லாம் வண்டியில் என் பின்னால் ஆள் உட்கார்ந்திருப்பதே தெரியவில்லை.

வேலை நன்றாக ஓடியது. பொய் சொல்லக் கூடாது, மிக நன்றாக ஓடியது. ரேக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. தூணில் கட்டிய துணியை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை. பாவில் இழை அறுந்து நான் விரலைத் திரித்தால், என் மனைவி முதலில் தூணைப் பார்ப்பாள், பிறகுதான் பாவைப் பார்ப்பாள். அவள் பார்ப்பதைப் பார்த்து நானும் பார்ப்பேன். ஒரு நாள் இழை அறாமலேயே என் விரல் திரிந்துகொண்டிருந்தது. எதற்கு என்று அவள் கண்ணால் கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

தினமும் போன் பேசினோம். தொந்தரவே இல்லை, இப்படி ஒரு தங்கமான குழந்தையைப் பார்த்ததில்லை, வைத்த இடத்தில் இருக்கிறது என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்க எனக்கு நிம்மதி. வீடியோவில் கூப்பிட்டபோது குழந்தையின் நெற்றி தெரிந்தது, காது தெரிந்தது, பிறகு மின்விசிறி தெரிந்தது. என் மனைவி போன் முன்னால் விரலைத் திரித்துத் திரித்துக் காட்டினாள். குழந்தை போனைப் பிடுங்க வந்தாள். அவ்வளவுதான்.

அமாவாசை அன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. விட்டு வந்த பதினோராம் நாள் அமாவாசை வந்தது. பார்த்துவிட்டு மாலையே திரும்புவதாகத்தான் பேச்சு.

போனபோது குழந்தை நடுவீட்டில் பாயில் உட்கார்ந்திருந்தாள். குறை சொல்ல முடியாது. குளிப்பாட்டிப் பவுடர் போட்டு, கன்னத்தில் மை வைத்து, புதுச் சட்டை போட்டு வைத்திருந்தார்கள். கன்னம் இன்னும் கொஞ்சம் உப்பியிருந்தது. எங்களைப் பார்த்ததும் தாவுவாள் என்று நினைத்தேன். தாவவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு கையும் மடியில் கிடந்தன. தூங்கும்போதுகூட அந்தக் கைகள் அப்படிச் சும்மா கிடந்து நான் பார்த்ததில்லை.

என் மனைவி எடுத்து அணைத்துக்கொண்டாள். தோளில் சாய்ந்துகொண்டாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்துப் பாயில் உட்காரவைத்து, அவள் டம்ளரை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள் என் மனைவி. எங்கள் வீட்டில் இதைச் செய்தால் அடுத்த நொடி விரல் திரியும். குழந்தை டம்ளர் இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் மனைவி டம்ளரை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

காப்பி கொண்டுவந்த பெரியம்மா, நாங்கள் குழந்தையின் கையையே பார்ப்பதைக் கவனித்துத் தானாகவே சொன்னாள். ஒரு நோயைக் குணப்படுத்திய சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது.

"மொத மூணு நாலு நாளு விரல தேச்சிக்கினே இருந்துச்சி தம்பி. நானும் போயி பாப்பேன், ஒண்ணும் இருக்காது. எறும்பு எதனா கடிச்சி அரிக்குது போலன்னு தேங்கா எண்ண தடவி உட்டேன். அதுக்கப்பறம் சுத்தமா நின்னுடுச்சிபா."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் போய்ப் பார்த்திருக்கிறாள். ஒன்றுமில்லை என்று திரும்பியிருக்கிறாள். துணியில் ஈரமில்லை, பசியில்லை, டம்ளர் கையிலேயே இருக்கிறது. அப்படியானால் எதற்காக நாள் முழுக்க விரலைத் திரித்தது என் குழந்தை? நாங்கள் அங்கே இல்லை, அதற்காக. அந்த ஒன்றைச் சரிசெய்யச் சொல்லி மூன்று நான்கு நாள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். சொன்னால் தீரும் என்று நம்பியிருந்தாள், நம்பவைத்தது நாங்கள். யாரும் எதையும் நிறுத்தவில்லை. எண்ணெய் தடவினார்கள். அவள் சொல்வதை விட்டுவிட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. மைத்துனி வீட்டில், அவள் எதிரில், காப்பியை வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, நிறுத்த முடியவில்லை. பெரியம்மா பதறிப்போனாள். தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, எண்ணெய் வீட்டில் ஆட்டிய நல்ல எண்ணெய் என்றாள்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல அண்ணி," என்றேன். "அது எங்களத்தான் கூப்ட்டுக்கினு இருந்துச்சி. நான்தான் வரல."

அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ. குழந்தையின் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். கூட்டிக்கொண்டு போகிறோம் என்று நானும் சொல்லவில்லை, என் மனைவியும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கிளம்புமுன் நான் குழந்தைக்கு எதிரில் பாயில் உட்கார்ந்தேன். வலது கையைத் தூக்கி விரலைத் திரித்துக் காட்டினேன். அந்தச் சைகையை என் வாழ்நாளில் பட்டு இழையைத் தவிர வேறெதற்கும் நான் காட்டியதில்லை. அன்று காட்டினேன். தெரியும், அறுந்துவிட்டது, என்னால்தான் என்று. குழந்தை என் விரலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் கை மடியிலிருந்து எழவில்லை. மறந்தேவிட்டாளா, அல்லது என்னிடம் சொல்லிப் பயனில்லை என்று முடிவு செய்துவிட்டாளா? எது என்று தெரியாமல் நான் கையைக் கீழே போட்டேன்.

அந்தச் சேலை என்னவாயிற்று என்று கேட்பவர்களுக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருபது நாளில் முடிய வேண்டியது, முடிய ஐந்து வாரம் ஆனது. குழிக்கு என் தம்பி பலகை அடித்து ஒரு தடுப்பு வைத்தான். ஸ்பீக்கரின் சத்தத்தையும் பாதியாகக் குறைத்தான், நான் கேட்காமலேயே. எண்ணிக்கை விட்டுப்போகாமல் இருக்க, எழும்போதெல்லாம் ரேக்கு நின்ற இடத்தைச் சாக்பீஸால் மரத்தில் எழுதி வைக்கப் பழகினேன். இவ்வளவு எளிய விஷயம் முன்பே தோன்றாமல் போனதற்கு என் கோபத்தைத்தான் சொல்ல வேண்டும்.

மாலை நான்கு மணிக்குக் கூரத்திலிருந்து கிளம்பினோம். நான் வண்டி ஓட்ட, என் முதுகைப் பார்த்தபடி நடுவில் குழந்தை, பின்னால் அவளை அணைத்துக்கொண்டு என் மனைவி. ஊர் எல்லை தாண்டி ஏரிக்கரை வந்தபோது குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. எங்கள் கூடத்தில் என் காதில் ஒரு நாளும் விழாத சின்னச் சத்தம். வண்டியை ஓரமாக நிறுத்தி அணைத்தேன். திரும்பி, இன்னொரு முறை விரலைத் திரித்துக் கேட்டேன். நினைத்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது. குழந்தை பதில் சொல்லவில்லை. என் மனைவி பார்த்தாள். பையின் வார் குழந்தையின் கால்மேல் ஏறி அழுத்திக்கொண்டிருந்தது. வாரை எடுத்துவிட்டு, காலைத் தேய்த்துவிட்டு, பையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள். சிணுங்கல் நின்றது. கரையில் காற்று நன்றாக வீசியது. நான் முன்பக்கம் திரும்பிச் சாவியைப் போட்டேன்.

அப்போது என் முதுகில் இரண்டு தட்டு விழுந்தது.

காதில் விழவில்லை, முதுகில் தெரிந்தது. அவசரமில்லாமல், ஒன்று, பிறகு ஒன்று. எட்டு வருடமாக எனக்குப் பழகிய தட்டு. ஆனால் மிக லேசாக இருந்தது.

"நீயா தட்டன?" என்று திரும்பாமல் கேட்டேன்.

"என் கை ரெண்டும் பை மேல இருக்குது," என்றாள் என் மனைவி.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடி அழுதுவிடுவேன் என்று பயம். தட்டிய பிறகு ஓட்டாமல் நிற்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. வண்டியை எடுத்தேன்.